மூன்றுக்கும் சமதூரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் அத்தையும், இடது முழங்கால் நீங்கலாக, நலம். அங்கு நீங்களும் என் மகளும் குழந்தைகளும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியதை மனிதர் கடிதமாக எழுதுகிறாரே என்று நினைக்க வேண்டாம். இந்த லாட்ஜ் அறை பத்துக்குப் பன்னிரண்டு. நான் எதைப் பேசினாலும் உங்கள் அத்தை காதில் விழும், விழுந்தால் அவள் சிரிப்பாள். வந்த நான்கு நாட்களில் அந்தச் சிரிப்பை வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன். கூரியரில் போட்டால் நாளைக்கே உங்கள் கையில் இருக்கும் என்கிறார்கள்.

புறப்படுவதற்கு முன் நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். "மாமா, அத்தைக்குப் பத்து நாள் முழங்கால் சிகிச்சை, தினமும் போகணும். ஆஸ்பத்திரிக்கு எதிர் சந்துல நாலு லாட்ஜ் இருக்கு, அதுல ஒண்ணுல தங்கிடுங்க. எந்த வேலையா போறோமோ அதுக்குப் பக்கத்துல தங்குறதுதான் வசதி." நான் கேட்டேனா? முப்பத்து நான்கு வருடம் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போட்டவனுக்கு, மருந்துக் கம்பெனி மாப்பிள்ளை வழி சொல்வதா என்று ஒரு வீம்பு. வரைபடத்தை மேசையில் விரித்தேன். ரயில் நிலையத்துக்கு ஒரு புள்ளி, ஆஸ்பத்திரிக்கு ஒரு புள்ளி, உங்கள் மைத்துனன் வீட்டுக்கு ஒரு புள்ளி. காம்பஸை எடுத்து மூன்றையும் தொடும்படி ஒரு வட்டம் போட்டேன். வட்டத்தின் நட்டநடு மையத்தில் ஒரு லாட்ஜ் இருந்தது. எந்தப் பக்கத்துக்கும் ஓரவஞ்சனை கிடையாது என்று உங்கள் அத்தையிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். மூன்றுக்கும் சமதூரம் என்றால் மூன்றுமே தூரம் என்பது வந்து இறங்கிய பிறகுதான் உறைத்தது.

இந்தத் தெருவில் இரும்புக் கடைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. கம்பி, குழாய், தகடு, மறுபடியும் கம்பி. வரவேற்பில் இருந்த குமாஸ்தா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எத்தனை டன் சார் எடுக்கப்போறீங்க?" என்று கேட்டார். முழங்கால் வலிக்கு வந்திருக்கிறோம் என்றேன். "குடும்பமா இங்க யாரும் தங்குறதில்லையே சார்" என்று சாவியைக் கொடுக்கவே தயங்கினார். தலைவலி மாத்திரை வாங்க வேண்டுமானால் இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும், ஒரு லாரி கம்பி வேண்டுமானால் படி இறங்கினால் போதும். காலை ஆறு மணிக்குக் குழாய்களை இறக்க ஆரம்பிக்கிறார்கள். ஒவ்வொரு குழாய்க்கும் மேசை மேலிருக்கும் தம்ளர் ஓர் அங்குலம் நகர்கிறது, ஏழரை மணிக்கு அதை ஓரத்தில் பிடித்து மறுபடி நடுவில் வைப்பது என் வேலை. பேருந்தைப் பற்றி நானே எழுத வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருக்கிறது. எல்லாம் ஒருவழிப் பாதை. போகிற பேருந்து ஒரு தெருவில் நிற்கிறது, வருகிற பேருந்து மூன்று தெரு தள்ளி நிற்கிறது. ஆஸ்பத்திரியில் காலை நீட்டி மடக்கிச் சரிசெய்து அனுப்புகிறார்கள், அந்த மூன்று தெருவை நடந்து அறைக்கு வருவதற்குள் உங்கள் அத்தை பழைய காலோடு வந்து சேர்கிறாள். என் அட்டவணையில் நிறுத்தம் என்றால் ஒரு புள்ளி, இரண்டு நிமிடம். அந்தப் புள்ளியிலிருந்து யாரோ ஒருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து போவாள் என்று முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

முந்தாநாள் கட்டிலில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "ஸ்டேஷனுக்குப் புள்ளி வெச்சீங்க, சரி. ஆஸ்பத்திரிக்கு வெச்சீங்க, சரி. கால் வைக்கமாட்டேன்னு சொன்ன வீட்டுக்கு எதுக்குப் புள்ளி வெச்சீங்க?"

நான் தம்ளரை நடுவில் நகர்த்தி வைத்தேன். வேறு என்ன செய்ய?

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இரண்டு வருடம் முன்னால் உங்கள் மைத்துனன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நகரத்தின் கடைக்கோடியில் வீடு வாங்கினான். பேத்தி அப்போது மூன்று மாதக் குழந்தை. நான் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "நாப்பது நிமிஷத்துக்கு ஒரு பஸ். அதெல்லாம் ஒரு இடமா?" என்றேன். "அப்பா, நீங்க பஸ்ஸைப் பாக்குறீங்க, நான் பிள்ளை ஓடி விளையாட இடம் பாக்குறேன்" என்றான். இப்போது நினைத்தால் அதில் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கு எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் கால் அந்த வாசலில் படாது என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் என்ன செய்தேன் என்று கேட்டால், பேத்தி நடக்க ஆரம்பித்ததைக்கூடப் பார்க்கவில்லை.

இதை என் மகளிடம்கூடச் சொல்ல வேண்டாம். நேற்று மதியம் உங்கள் அத்தை தூங்கியதும், பேருந்து நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்துவரலாமென்று கிளம்பினேன். இரண்டு பேருந்து மாறி அவன் வீட்டு நிறுத்தத்தில் இறங்கினேன். இப்போது பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு பேருந்து வருகிறது. நிறுத்தத்துக்கு எதிரே பெரிய மைதானம், ஓரமெல்லாம் மரம். மூன்றாவது மாடியில் குழந்தையின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. சின்னதாக ஆறு சட்டை. எண்ணிவிட்டு அடுத்த பேருந்தில் ஏறி வந்துவிட்டேன். கடை தேடினேன் என்று அத்தையிடம் பொய் சொன்னேன், அவள் என்ன கடை என்றுகூடக் கேட்கவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, மிச்சமிருக்கும் ஆறு நாளைக்கு அந்தப் பக்கம் ஒரு லாட்ஜ் பார்த்துச் சொல்லுங்கள். இங்கே மனிதர் தங்க முடியாது. காற்றோட்டத்துக்காக மாறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மைத்துனன் காதுக்கு இது போகக் கூடாது. வழியில் எதேச்சையாகப் பார்த்தால் பார்த்ததுதான்.

என் மகளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் பெற்றோரை விசாரித்ததாகச் சொல்லவும். நீங்கள் பல்லாண்டு சீரும் சிறப்புமாக, எங்கே போனாலும் காரியத்துக்குப் பக்கத்திலேயே தங்கி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைக் கேட்காத மாமா

பின்குறிப்பு: லாட்ஜ் பார்க்க வேண்டாம். உறையை ஒட்டும்போது கதவு தட்டப்பட்டது. திறந்தால் உங்கள் மைத்துனன், மருமகள், பேத்தி, மூன்று பெட்டிகள். உங்கள் அத்தை முதல் நாளே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எதிர் அறையை ஆறு நாளைக்கு எடுத்திருக்கிறான். இங்கிருந்து ஆபீசுக்கு மூன்று பேருந்து மாற வேண்டுமேடா என்றேன். "என் வீட்டு வாசல்லதானேப்பா கால் வைக்கமாட்டேன்னீங்க, இது லாட்ஜ்காரன் வாசல்" என்றான். மேலே இந்தப் பகுதியைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். நகரத்தில் இவ்வளவு வசதியான இடம் வேறு கிடையாது. அவர்கள் அறையிலிருந்து எங்கள் அறைக்கு நான்கே அடி. பேத்திக்கு ஒன்பது அடி ஆகிறது, காலையிலிருந்து எத்தனையோ தடவை நடந்து காட்டிவிட்டாள்.