ஹக்கபி இருந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுசாக நம்பவில்லை. எனக்குச் சொன்னவர் கிரபோவ்ஸ்கி. அமெரிக்காவில் டொலீடோ நகரத்து டக்போட் கால்பந்து அணியின் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்கிற ஆள் அல்ல. ஆனால் தான் வாசலில் நின்றிருந்தபோது உள்ளே அடுக்களையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைக்கூட பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் மாதிரி சொல்வார். அதனால் ஒரு சந்தேகம். இப்போது அந்தச் சந்தேகம் போய் வேறொன்று வந்திருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ரூஃபஸ் ஹக்கபி தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் லைன்மேன். மின்கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் அல்ல. இவர் ஏறினால் கம்பம் தாங்காது. இந்த லைன்மேன் பந்தை எறிவதில்லை, பிடிப்பதில்லை, தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பார். பந்து பின்னால் போனவுடன் எதிரே ஒரு மாமிச மலை பாய்ந்து வரும். பந்தை எறியப்போகும் கதாநாயகன் மேல் அந்த மலை விழாமல் தடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒன்றுமே நடக்காவிட்டால் வேலை ஒழுங்காக நடந்தது என்று பொருள்.

இப்படி ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டே ரூஃபஸ் எட்டு ஊர் மாறிவிட்டார். யாருக்காவது முழங்கால் உடைந்தால் கூப்பிடுவார்கள். அந்த முழங்கால் தேறியதும் அனுப்பிவிடுவார்கள். அடுத்தவர் முழங்காலை நம்பிப் பிழைக்கிறோமே என்று அவருக்குச் சில சமயம் வெட்கமாக இருக்கும்.

அவர் மனைவி டெல்ஃபீன் லூசியானாக்காரி. அவளிடம் ஒரு வார்ப்பிரும்பு வாணலி இருந்தது. எந்த ஊரிலும் அவள் அதைப் பெட்டியிலிருந்து எடுத்ததில்லை. வாணலி வெளியே வந்தால் அதை மாட்ட ஆணி வேண்டும். ஆணி அடித்துவிட்டால் அந்த ஊரை நம்பிவிட்டோம் என்று அர்த்தம். டொலீடோவில் தொடர்ந்து மூன்றாவது குளிர்காலம் வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ஸ்டூல் போட்டு ஏறி ஆணி அடித்தாள்.

"வேண்டாம் டெல்ஃபீன், கண் பட்டுடும்" என்றார் ரூஃபஸ்.

"உன் மேல எவன் கண்ணு படப் போகுது? உன்னை யாரு பாக்குறா?" என்றாள். அன்று ஏரி மீன் பொரித்தார்கள்.

அந்த வாரம்தான் அணி உரிமையாளரின் மருமகன் ஏதோ ஒரு கருத்தரங்கிலிருந்து திரும்பி வந்தார்.

வந்ததும் வராததுமாக, 'பங்களிப்பு நிரூபணத் துறை' என்றொரு துறையை நிறுவ அவர் திருவுளம் கொண்டார். துறைத் தலைவராகப் பிரெஸ்டன் ஆல்கட் பொறுப்பேற்றார். இதற்கு முன் ஒரு செருப்புக் கம்பெனியைச் சீரமைத்தவர்; அங்கே ஊழியர்களைக் குறைத்த வேகத்தில் செருப்பும் குறைந்துவிட்டது என்று கேள்வி. ஒவ்வொரு ஆட்டக்காரரின் சட்டையிலும் பொத்தான் அளவில் ஒரு கருவி தைக்கப்பட்டது. அவரைச் சுற்றி என்னென்ன நிகழ்கிறதோ அத்தனையையும் அது எண்ணும். நிகழ்வு மிகுந்தவர் சிறந்தவர். நிகழ்வு குறைந்தவர் பரிசீலனைக்கு உரியவர்.

ஆல்கட் ரூஃபஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உட்காருங்க ஹக்கபி. போன ஆட்டத்துல நீங்க என்ன செஞ்சீங்க?"

நாற்காலி முனகியது. "எதிர்ல வந்தவனை நிறுத்தினேன் சார்."

"நிறுத்தின பிறகு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார்."

"கருவியும் அதையேதான் சொல்லுது. அடுத்த தடவை?"

"அப்பவும் நிறுத்தினேன்."

"அப்பவும்?"

"ஒண்ணும் ஆகல."

ஆல்கட் அனுதாபத்தோடு பெருமூச்சு விட்டார். "பயிற்சி ஆட்டத்துல உங்களுக்குப் பதிலா அந்தப் பொடியன் டாக்கெட் நின்னானே, பாத்தீங்களா? எதிரி உள்ள புகுந்தான். டேன் கீழ விழுந்தான். பந்து ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம். டாக்டர் ஓடி வந்தாரு. டாக்கெட்டைச் சுத்தி எவ்வளவு உயிரோட்டம்!"

டேன்தான் பந்து எறியும் கதாநாயகன்.

"சார், டேன் விழக் கூடாதுன்னுதான் என்னை வச்சிருக்கீங்க."

"இருக்கலாம். ஆனா விழாததை எப்படி நிரூபிக்கிறது?"

ரூஃபஸ் உடை மாற்றும் அறைக்கு வந்து தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்தார். பக்கத்து இடத்தில் விளையாடும் டக்கர் ஒரு முழுக் கோழியைத் தின்றுகொண்டிருந்தான்.

"டேய், இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? கொடி வாங்குடா."

"என்னது?"

"எதிராளி சட்டையைப் பிடிச்சு இழு. நடுவர் மஞ்சக் கொடியை வீசுவார். மைக்கைப் போட்டு உன் நம்பரைச் சொல்லுவார். டிவில உன் முகத்தைக் காட்டுவான். நம்ம லைன்மேன் சாதிக்கு வேற எப்போடா பேர் சொல்றாங்க?"

"அது தப்பாட்டம்டா. பத்து கஜம் பின்னால போகணும்."

"போனா என்ன? பத்து கஜம் பின்னால போறதும் ஒரு நிகழ்வுதானே?"

இதில் இருந்த தர்க்கம் ரூஃபஸுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஆணி ஞாபகம் வந்தது. அடுத்த ஆட்டத்தில், பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒருவனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். கொடி பறந்தது. நடுவர் மைதானம் முழுக்கக் கேட்கும்படி நம்பரைச் சொன்னார். கூட்டம் ஊளையிட்டது. இத்தனை வருடத்தில் கூட்டம் அவரைக் கவனித்தது அதுவே முதல் முறை.

மறுநாள் ஆல்கட் தன் அறையிலிருந்து எழுந்து வந்து கை குலுக்கினார். "கடைசில வெளிய வந்துட்டீங்க ஹக்கபி!" என்றார். 'இம்மாதத்தின் மலர்ச்சி' என்ற விருதும் ஒரு காபிக் கோப்பையும் வழங்கப்பட்டன.

விருதைப் பார்த்ததும் மற்ற லைன்மேன்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்குப் பிடித்து இழுத்தார்கள். அணி பின்னால் போய்க்கொண்டே இருந்தது. ஓர் ஆட்டத்தில் சொந்த அணியின் எல்லைக்கோட்டையே தாண்டி வாகன நிறுத்தத்துக்குப் போய்விடுவார்களோ என்று பயிற்சியாளர் பயந்தார். தோல்வி மேல் தோல்வி. துறையின் அறிக்கையோ நிகழ்வுகளால் நிரம்பி வழிந்தது. மருமகன் பூரித்துப்போய் ஆல்கட்டுக்கு இன்னொரு தளம் ஒதுக்கிக் கொடுத்தார்.

டெல்ஃபீன் காபிக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கம்மா போன் பண்ணினா. மாப்பிள்ளை டிவில வர்றாரேன்னு சந்தோஷப்பட்டா. எதுக்கு ஊளையிடுறாங்கன்னும் கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ஊரு பழக்கம்னு சொன்னேன்." கோப்பையைக் கீழே வைத்தாள். "ரூஃபஸ், இவ்வளவு நாள் உன் புருஷன் என்ன வேலை பாக்குறார்னு யாராவது கேட்டா, பின்னால நிக்கிறவன் விழாம பாத்துக்கிறார்னு சொல்லுவேன். இனிமே என்ன சொல்லட்டும்?"

"ஆணி நிக்கணுமேன்னுதான் டெல்ஃபீன்..."

"ஆணிக்காக நீ வளையணுமாக்கும்."

அடுத்த ஆட்டத்துக்கு வந்தது லீக்கிலேயே மூர்க்கமான எதிராளி. அவன் பெயரைச் சொன்னாலே டேன் பேச்சை மாற்றுவான். அன்று ரூஃபஸ் ஒரு கையை ஊன்றிக் குனிந்தார். பிறகு ஆட்டம் முடியும்வரை அந்த மனிதனுக்கும் டேனுக்கும் நடுவில் கதவு மாதிரி நின்றார். சட்டையைப் பிடிக்கவில்லை. கொடி பறக்கவில்லை. டேனின் கால்சட்டையில் ஒரு புல்கூட ஒட்டவில்லை. டக்போட் அணி ஜெயித்தது. கூட்டம் டேனைக் கொண்டாடியது.

திங்கட்கிழமை ஆய்வுக் கூட்டம். ஓரத்தில் நாற்காலி போட்டு கிரபோவ்ஸ்கியும் இருந்தார்.

"ஹக்கபி பகுதியில் நிகழ்வு எதுவும் இல்லை" என்று ஆல்கட் வாசித்தார். "எதிரி அந்த வழியாக ஒரு முறைகூட வரவில்லை. ஆகவே அங்கே ஆபத்தே கிடையாது. ஆபத்தில்லாத இடத்துக்குக் காவல் தேவையில்லை."

பயிற்சியாளர் துள்ளி எழுந்தார். "யோவ், அவன் நின்னதால வரலய்யா!"

"அப்படி நீங்க நினைக்கிறீங்க. அது கருத்து. இது கணக்கு."

கூட்டம் இனிதே நிறைவுற்றது.

ஆட்டக்காரரை வேலையை விட்டு நிறுத்தும்போது அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது கிரபோவ்ஸ்கியின் பொறுப்பு. சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். செவ்வாய்க்கிழமை காலை டெல்ஃபீன் கதவைத் திறந்தாள். அவரைக் கண்டதும் உள்ளே போய் வாணலியைச் சுவரிலிருந்து எடுத்தாள்.

"தம்பி, பயிற்சியாளர் பாக்கணும்கிறார்" என்றார் கிரபோவ்ஸ்கி. "ஆட்டப் புத்தகத்தையும் கையோட எடுத்துக்கிட்டு வா."

"காபி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் ரூஃபஸ். விருதுக் கோப்பையில்தான் கொடுத்தார். அதையே வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

உள்ளிருந்து டெல்ஃபீனின் குரல் வந்தது: "அந்த ஆணியைப் பிடுங்காத ரூஃபஸ். அப்படியே இருக்கட்டும். இங்க யாரோ இருந்தாங்கன்னு அடுத்து வர்றவங்களுக்குத் தெரியட்டும்."

ரூஃபஸ் இருந்த இடத்தில் டாக்கெட் நிறுத்தப்பட்டான். முதல் ஆட்டத்தில் டேனின் தோள் போயிற்று. அடுத்ததில் அவனுக்கு மாற்றாக வந்தவனின் விலா. அதற்கடுத்ததில் பந்து எறிய ஆளில்லாமல், பந்தை உதைக்க மட்டும் தெரிந்த ஒருவனைக் கெஞ்சி நிறுத்தினார்கள். அவன் எறிவதற்கு முன்பே அழுதான். துறையின் வரலாறு காணாத நிகழ்வுகள். ஆல்கட் ஆழ்ந்து ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்: இவ்வளவு நிகழ்வுகளையும் மூன்று வருடமாக ஹக்கபி என்ற தனிநபர் தடுத்து வைத்திருந்திருக்கிறார். லீக்குக்கு அவர்மேல் புகார் எழுதலாமா என்றுகூட யோசனை நடந்தது.

அப்போதுதான் ஊர் விழித்தது. பீர் கடைகளில் ஹக்கபியைப் பற்றியே பேச்சு. "தங்கமான ஆளுய்யா. நான் அப்பவே சொன்னேன்" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அவர் நம்பர் போட்ட சட்டை கடைகளில் கிடைக்காமல் போயிற்று. அதை அணியாதவன் டொலீடோக்காரனே இல்லை என்ற நிலை. மருமகன் காற்று வீசும் திசையைக் கண்டுகொண்டு, ஹக்கபிக்கு மைதான வாசலில் வெண்கலச் சிலை வைக்கப்படும் என்று அறிவித்தார். சிலைக் குழுவின் தலைவர் ஆல்கட். பழகியவர் என்ற முறையில் கிரபோவ்ஸ்கியும் ஓர் உறுப்பினர். திறப்பு விழாவுக்கு ரூஃபஸால் வர முடியவில்லை. அப்போது அவருக்கு ஒன்பதாவது ஊரில் ஆட்டம் இருந்தது.

சிலை இப்போதும் இருக்கிறது. இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, கீழே விழுந்த வீட்டுச் சாவியைத் தேடுகிறவர் மாதிரி ஹக்கபி குனிந்திருக்கிறார். சிற்பியின் கலைநோக்கு என்று பலகையில் எழுதியிருக்கிறது. ஜனங்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் அதன் எதிரே உள்ள பெஞ்சில் கிரபோவ்ஸ்கியும் நானும் உட்கார்ந்திருந்தோம். என்னிடமும் அந்தச் சட்டை ஒன்று உண்டு. அன்று அதைத்தான் போட்டிருந்தேன். அவர் அந்தக் கோப்பையிலேயே காபி கொண்டு வந்திருந்தார்.

"ஒரு மனுஷன் கண்ணு முன்னால மூணு வருஷம் நின்னான்" என்றார் கிரபோவ்ஸ்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அந்த ஆபீஸ்காரப் பயலுங்க ஒருத்தன் கண்ணுக்கும் தெரியல பாருங்க."

நான் சிலையைப் பார்த்தேன். மூன்று வருடமும் நான் போன ஆட்டங்களை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். டேன் தெரிந்தான், பந்து தெரிந்தது. பிறகு, இத்தனை காலம் கேட்கத் தோன்றாத ஒன்றை அவரிடம் கேட்டேன்:

"ஆமா கிரபோவ்ஸ்கி, அவர் எந்தக் கையை ஊணி நிப்பார்?"