டுமீல் சார் வீட்டு பீரோ

பீரோவின் கைப்பிடியைத் திருகினார். சத்தம் வரவில்லை.

மறுபடி திருகினார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியதுபோலக் கைப்பிடி வழுக்கிக்கொண்டு திரும்பியது. கதவு திறந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"என்னாச்சு இதுக்கு?" என்று கத்தினார்.

அடுக்களையிலிருந்து மனைவி வந்தாள். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா? நேத்து ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணிட்டேன். ஸ்பிரிங்கே புதுசு. பதினெட்டு வருஷமா உங்ககிட்டச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேஞ்சுபோச்சு. அந்த ஆளு அரை மணி நேரத்துல முடிச்சிட்டாரு."

"அடிப்பாவி, என் துப்பாக்கியைக் கெடுத்துட்டியே!"

மனைவி உச்சுக்கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சண்டை போடுகிறவள் அல்ல. கோபம், சலிப்பு, நியாயம் எல்லாவற்றையும் அந்த ஒரு உச்சில் அடக்கிவிடுவாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆபீஸில் அவருக்கு டுமீல் சார் என்று பெயர். கணினி விளையாட்டுகள் தயாரிக்கும் நிறுவனத்தில் சத்தங்களை உண்டாக்குவது அவர் வேலை. மெத்தையை மாடியிலிருந்து போட்டால் குண்டு வெடிக்கும். மேசை விசிறியில் அட்டையைச் சொருகினால் ஹெலிகாப்டர் பறக்கும். அந்த நிறுவனத்தின் பெயர் சொல்லும் பிள்ளை 'கடைசி முற்றுகை' என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. கடைசி என்று பெயர் வைத்துவிட்டு ஒன்பது பாகம் வந்துவிட்டது.

அந்த விளையாட்டில் கதாநாயகன் தோட்டா நிரப்பும்போது ஒரு சத்தம் வரும். முதலில் 'டிக்'. உடனே நறுக்கென்று ஒரு 'ட்ச்'. அவ்வளவுதான். அதைக் கேட்டால் விளையாடுகிறவனுக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயால் அந்தச் சத்தம் போட்டுக்கொண்டு சுவருக்குப் பின்னால் ஒளிவார்கள். டுமீல் சார் பேருந்தில் போகும்போது யாராவது போனில் அந்தச் சத்தம் கேட்டால், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தனியாகச் சிரிப்பார்.

அது எந்தத் துப்பாக்கி என்று ஆபீஸில் பலரும் கேட்டிருக்கிறார்கள். "தொழில் ரகசியம்" என்பார். கல்யாணமான புதிதில், ஒற்றை அறை வீட்டில், கடன் வாங்கிய மைக்கை வைத்துக்கொண்டு இந்த பீரோவின் கைப்பிடியை இருநூறு தடவை திருகி எடுத்தது அது. துண்டு எடுக்க வந்த மனைவி ஒரு மணி நேரம் பின்னாலேயே நின்றாள். அவருக்கு அதுகூட நினைவில்லை. பீரோ மட்டும்தான் நினைவிருந்தது.

பழைய பதிவை அப்படியே போடலாமே என்றால், முடியாது. புதிய ஸ்பீக்கர்களில் போட்டால் அடியில் கொசு பாடியது. அதனால் பத்தாம் பாகத்துக்கு நிஜத் துப்பாக்கியிலேயே தோட்டா நிரப்பி, எட்டு மைக் வைத்துப் பதிவு செய்தார்கள். ஆடிப் பார்க்க நாற்பது பேரைக் கூப்பிட்டார்கள். அரை மணிக்குள் முப்பத்தொரு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

"என்ன குறை?" என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்.

"இது பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கு. பழசுதான் நிஜத் துப்பாக்கி."

நேற்று மேனேஜர் அவரை அழைத்திருந்தார். "முதலாளிங்க கேக்கறாங்க சார். பதினெட்டு வருஷமா ஒரே ஆளு, ஒரே சுவரு, ஒரே டுமீல். இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும்னு. நாளைக்கு அஞ்சு மணிக்கு அந்த நாப்பது பேரும் மறுபடி வராங்க. எழுந்து போனாங்கன்னா பத்தாம் பாகம் கிடையாது. கடைக்கு ஷட்டர்தான்."

டுமீல் சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லியிருந்தார்: "அதே துப்பாக்கியைப் புது மைக்ல எடுத்துக் குடுக்கறேன் சார். நாளைக்குள்ள."

அந்தத் துப்பாக்கிக்குத்தான் இப்போது புது ஸ்பிரிங் போட்டிருந்தது.

முதல் வேலையாக ஒரு வாளி நிறைய சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். கைப்பிடியில் போட்டிருந்த எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு மைக்கை நீட்டித் திருகினார். 'கீச்' என்றது. ஆபீஸுக்கு அனுப்பினார்.

மேனேஜர் உடனே போன் செய்தார். "சார், எலியைப் பிடிச்ச மாதிரி இருக்கு."

பத்தாவது படிக்கும் மகள் வாசல்படியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லட்டுமா? எங்க கிளாஸ்ல இப்ப பாதிப் பேரு இதை ஆடறதே இல்ல."

"மீதிப் பாதி?"

"அவங்க நல்லாவே ஆடுவாங்க."

"அது போதும். போய்ச் சுத்தியலை எடுத்துட்டு வா."

பழையபடி கொஞ்சம் கோணலானால் சத்தம் வரும் என்பது அவர் கணக்கு. மெதுவாக ஒரு தட்டு. வரவில்லை. இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. பீரோ பூட்டிக்கொண்டது.

"ஏங்க, தள்ளுங்க. சாயங்காலம் போட்டுக்கப் போற டிரஸ் உள்ள இருக்கு" என்றபடி மனைவி வந்தாள். அன்று ஆறரை மணிக்கு அவளுடைய அண்ணனின் பணி ஓய்வு விழா. அதற்கென்றே ஒரு மாதமாகத் தைத்து வாங்கிய உடை.

அவர் கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"அது ஒண்ணும் அவசரமில்லையே?"

மனைவி அவரை ஒருதரம் சுற்றி வந்து பார்த்தாள். உச்சுக்கொட்டினாள். போனை எடுத்து ரிப்பேர்காரரைக் கூப்பிட்டாள்.

ரிப்பேர்காரர் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார். கைப்பிடியைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"அக்கா, நேத்துதானே கல்லு மாதிரி போட்டுக் குடுத்துட்டுப் போனேன். இதை யாரு இப்படிப் பண்ணது?"

"நான்தாங்க" என்றார் டுமீல் சார். "பூட்டைத் திறந்துட்டு, நீங்க பண்ண ரிப்பேரைத் திரும்ப எடுத்துடணும். பழையபடி கெட்டுப் போகணும்."

"என் வேலையைக் கெடுக்க என்னையே கூப்பிடறீங்களா? இருபத்திரண்டு வருஷத்துல எனக்கு இப்படி ஒரு அவமானம் வந்ததில்ல சார். நான் ரிப்பேர் பண்றதுக்குத்தான் தொழில் கத்துக்கிட்டேன். பழுது பண்றதுக்கு வேற ஆளைப் பாருங்க." கருவிப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

டுமீல் சாருக்கு வேறு வழியில்லை. பதினெட்டு வருடம் காத்த ரகசியத்தைச் சொன்னார்.

ரிப்பேர்காரர் பையை மெதுவாகக் கீழே வைத்தார். "கடைசி முற்றுகையா? அந்த டிக்... ட்ச்சா? அது இந்த பீரோவா?" பீரோவைத் தொட்டுப் பார்த்தார். "சார், நான் ஏழாம் பாகத்துலருந்து ஆடறேன். வேலை முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் அதுலதான் உக்காருவேன். பாக்கி வச்ச கஸ்டமர், குறை சொன்ன கஸ்டமர் எல்லாரையும் அதுலதான் சுடுவேன். இது தெரியாம நேத்து அதோட உயிரையே உருவிட்டேனே!"

"பழைய ஸ்பிரிங் கிடைக்குமா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? கழட்டின எதையும் நான் தூக்கிப் போட்டதே இல்ல." ஒரு தகர டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தார். ஆணி, திருகு, உடைந்த சாவி எல்லாம் படுக்கை விரிப்பில் கொட்டின. அந்தப் பக்கமாக வந்த மனைவி நின்று பார்த்து உச்சுக்கொட்டினாள். ரிப்பேர்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "யாரது?" என்பதுபோலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பிறகு மறுபடி குனிந்து துழாவ ஆரம்பித்தார். துருப்பிடித்த அந்த ஸ்பிரிங் கிடைத்தது.

மூன்று மணிக்கு பீரோ பழையபடி கெட்டுப்போனது. கைப்பிடி 'டிக்' என்று சொன்னது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"இப்ப வீட்டுல ஒரு ஈ கூடப் பறக்கக் கூடாது" என்றார் டுமீல் சார். விசிறியை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். பிரிட்ஜை அணைத்தார். மனைவியை அடுக்களைக்கு அனுப்பி, மகளை வாசலில் காவல் வைத்தார். திருகினார், பதிவு செய்தார், அனுப்பினார்.

மேனேஜர் சொன்னார்: "டிக் வந்துடுச்சு சார். அச்சு அசல். ஆனா அதுக்கப்புறம் நறுக்குன்னு ஒண்ணு வருமே, அது வரல. அதுலதான சார் உயிரே இருக்கு?"

வேகமாகத் திருகினார். வரவில்லை. கையில் துணி சுற்றித் திருகினார். வரவில்லை. மனைவியை அடுக்களையிலிருந்தும் கிளப்பி மொட்டை மாடிக்கு அனுப்பினார். அப்போதும் வரவில்லை. நாலே கால்.

"சுவத்தோட ஒட்டி நிக்குது சார். அதான் சத்தம் அமுங்குது" என்றார் ரிப்பேர்காரர். "கொஞ்சம் முன்னால இழுத்துப் பாப்போம்."

இருவரும் இழுத்தார்கள். பீரோவின் ஒரு கால் கழன்றது. பீரோ முன்பக்கமாகச் சாய, ரிப்பேர்காரர் முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். கதவு படீரெனத் திறந்தது. ஒரு குடும்பத்தின் துணிமணி முழுக்கத் தரையில் இறங்கியது. புது உடை மட்டும் தனியாகப் பறந்து, காலையிலிருந்து யாரும் எடுத்து வைக்காத சோப்புத் தண்ணீர் வாளியில் விழுந்து முங்கியது.

"அப்பா, அம்மா மாடியிலருந்து வராங்க!" என்று வாசலிலிருந்து குரல் கேட்டது.

"சார், சீக்கிரம் எடுங்க, முதுகு போகுது!"

டுமீல் சார் ஒரு கையால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்த பீரோவின் கைப்பிடியை மறு கையால் திருகிக்கொண்டே இருந்தார். அறைக்கதவு திறந்தது. மனைவி பீரோவைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். உச்சுக்கொட்டிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மணி நாலு நாற்பது. கேட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை. வந்தது வரட்டும் என்று அனுப்பிவிட்டார்.

பிறகு வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மகள் துணிகளை மடித்தாள். மனைவி உடையை அலசிப் பிழிந்து இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துக்கொண்டிருந்தாள். ரிப்பேர்காரர் பீரோவுக்குக் கால் பொருத்தினார். டுமீல் சார் போனைக் கையில் வைத்துக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோலச் சுவரோரம் நின்றார்.

ஆறு மணிக்கு அது அடித்தது. எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார்! நாப்பது பேரும் உக்காந்திருக்காங்க. நேரம் முடிஞ்சுதுன்னு சொன்னா எழுந்திருக்க மாட்டேங்கறாங்க. முதல் தடவை தோட்டா நிரப்பினதும் ஹால்ல ஒரு விசில் கிளம்பிச்சு பாருங்க, முதலாளிங்களே எழுந்து நின்னுட்டாங்க. பத்து இல்ல சார், இருபதாம் பாகம் வரைக்கும் ஓடும்னு சொல்லிட்டாங்க. அதே சத்தம் சார், அதே உயிர்! எப்படிப் பண்ணீங்க?"

"அனுபவம்தான்" என்றார் டுமீல் சார்.

மகள் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு கிளாஸ்ல சொல்லிடுவேன்ப்பா. எங்க வீட்டுதுன்னு சொல்லிடுவேன்."

"சொல்லு. தலை நிமிர்ந்து சொல்லு." அவர் பீரோவின் தோளில் கை போட்டுக்கொண்டார். இஸ்திரி போட்ட உடையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்த மனைவியைப் பார்த்தார். "கேட்டியா? உலகத்துல எத்தனை பேரு காதுல பதினெட்டு வருஷமா நம்ம வீடு கேட்டுக்கிட்டிருக்கு தெரியுமா? எல்லாம் இந்த பீரோ. இது இருக்கற வரைக்கும் அந்த விளையாட்டை யாராலும் அசைக்க முடியாது. இனிமே இதை ஒருத்தரும் தொடக் கூடாது. புது வீடு போனாலும் இது முதல்ல வரும்."

மூலையில் ரிப்பேர்காரர் டுமீல் சாருடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதினெட்டு வருடத்துக்கு முந்திய பதிவை ஒரு தடவையும் இன்றைய பதிவை ஒரு தடவையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றினார். எழுந்து நின்று, டுமீல் சாரின் மனைவிக்கு ஒரு ராணுவ சல்யூட் வைத்தார்.

"சார், பீரோவைத் தாராளமா தூக்கிப் போடலாம். ரெண்டுலயும் சுடறது அக்காவோட உச்சுதான்."