சோளத் திருவிழாவில் ஹார்லன் டூலி

கொலம்பஸ் விமான நிலைய வாசலில் ஓர் அம்மாள் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்த அட்டையில் 'வருக, ஹார்லன் டூலி!' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் ரோஸ்கோ டிண்டால் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கழிசடையும் இதே விமானத்தில்தான் வந்து தொலைத்தானா?

பின்னால் யாரும் இல்லை. அதற்குள் அந்த அம்மாள் ஓடிவந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்டர் டூலி! நெசமாவே வந்துட்டீங்க! நான்தான் மேவிஸ், விழாக் கமிட்டித் தலைவி. ப்ளம் க்ரீக் ஊரே உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு!"

"அம்மா, ஒரு சின்னத் தப்பு…"

"எங்க வீட்டுக்காரர் ஏர்ல் போன குளிர்காலத்துல தவறிட்டாரு. கடைசி வரைக்கும் உங்க ஷெரீஃப் வேஷத்தைப் பார்க்காம தூங்கமாட்டாரு. மூச்சு நிக்கறப்பகூட டிவியில நீங்கதான் இருந்தீங்க." மேவிஸ் கைக்குட்டையை எடுத்தார். "ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்லம்மா," என்றார் ரோஸ்கோ. "பெட்டி கொஞ்சம் கனம்."

ரோஸ்கோ ஹாலிவுட்டில் நாற்பது வருடமாக நடிப்பவர். போடாத வேஷம் இல்லை. நீதிபதி, பாதிரியார், பல் டாக்டர், ருஷ்ய உளவாளி, செவ்வாய்க் கிரகத்து மந்திரி, உருளைக்கிழங்கு வறுவல் விளம்பரத்தில் பேசும் உருளைக்கிழங்கு. ஒரு படத்தில் ஆரம்பம் முதல் முடிவு வரை பிணமாகக் கிடந்தார். 'பிணம் மட்டும் இயல்பாக இருந்தது' என்று ஒரு பத்திரிகை எழுதியது. அவர் வாங்கிய நல்ல விமர்சனம் அது ஒன்றுதான். அதிலும் பெயர் போடவில்லை. கடைத்தெருவில் அவரைப் பார்ப்பவர்கள் நெற்றியைச் சுருக்கி, "நீங்க எங்க பழைய பல் டாக்டர்தானே?" என்பார்கள். முன்பெல்லாம் விளக்கம் சொல்வார். இப்போதெல்லாம், "ராத்திரியும் பல் தேய்க்கணும், மறந்துடாதீங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அவருடைய ஏஜென்ட் மோர்ட்டி போன் செய்திருந்தான். "ராசா, ஒஹையோவுல ஒரு ஊர்ல சோளத் திருவிழாவாம். உனக்கு வாழ்நாள் சாதனை விருது குடுக்கறாங்க. கிளம்பு!"

மனைவி ஈலெய்ன் கணப்புக்கு மேலே இருந்த மீன் தொட்டியை நகர்த்தி, விருது வைக்க இடம் பண்ணினாள். ரோஸ்கோ நாயை நடத்திக்கொண்டு போகும் சாக்கில் தெரு முழுக்கச் செய்தி சொன்னார். நாய்க்குக் கால் வலி வந்ததுதான் மிச்சம்.

இப்போது பார்த்தால், விருது ஹார்லன் டூலிக்கு!

டூலியும் இவரும் ஒரே உயரம், ஒரே தொந்தி, ஒரே மொட்டை. மோர்ட்டிதான் இரண்டு பேருக்கும் ஏஜென்ட். வாழ்க்கையில் பாதி நேரம் இருவரும் நடிகர் தேர்வு அறைகளில் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே கழித்திருக்கிறார்கள். அந்த ஷெரீஃப் வேஷமும் அப்படித்தான் கைமாறிப் போனது. உள்ளேயிருந்து ஒரு பெண் தலையை நீட்டி, "மொட்டை, உள்ள வாங்க," என்றாள். ரோஸ்கோ குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். டூலி எழுந்து போய்விட்டான். அந்தத் தொடர் வருடக்கணக்கில் ஓடியது.

வழியில் பெட்ரோல் போட வண்டி நின்றதும் ரோஸ்கோ கழிவறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டு மோர்ட்டியைக் கூப்பிட்டார்.

"டேய் படுபாவி! இவங்க கேட்டது டூலியை!"

"தெரியுமே."

"தெரியுமா?"

"டூலி வான்கூவர்ல ஷூட்டிங்ல இருக்கான், ராசா. நீ சும்மா வீட்ல உக்காந்திருக்கே. வரமாட்டார்னு சொன்னா அந்த ஊரு மனசு உடைஞ்சுபோகும். நீ நடிகன்தானே? நடி!"

"நான் டூலியா நடிக்கிறதா? அவனுக்கே நடிக்க வராதுடா!"

"அப்ப உனக்குச் சுலபம். ஒஹையோக்காரங்களுக்கு வித்தியாசமே தெரியாது. நான் சொல்றேன், நம்பு." போனை வைத்துவிட்டான்.

அதிகம் வாயைத் திறக்காமல் ஒரு நாளை ஓட்டிவிடலாம் என்று ரோஸ்கோ கணக்குப் போட்டார். ஊருக்குள் வண்டி நுழைந்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "குரல் கட்டிக்கிச்சு, பேச முடியல," என்று கரகரத்தார்.

"ஐயோ! நேரா மேயர்கிட்டப் போயிடலாம்," என்றார் மேவிஸ்.

"மேயர் டாக்டரா?"

"ஆமா, மாட்டு டாக்டர்."

மேயர் ஹூபர் தங்கமான மனிதர். குதிரைக்குப் பயன்படுத்தும் டார்ச்சை அடித்து, ரோஸ்கோவின் வாயைத் தோசைக்கல் அகலத்துக்குத் திறக்க வைத்து உள்ளே பார்த்தார்.

"தொண்டை பளிங்கு மாதிரி இருக்கே! பல்லை வச்சுப் பார்த்தா இன்னும் பல வருஷம் உழைப்பீங்க. குதிரையா இருந்தா நானே வாங்கிடுவேன். பேசாம இருந்தா சரியாகாது, பேசிக்கிட்டே இருந்தாத்தான் இளகும். மேவிஸ், இவரைக் கையெழுத்து போடற இடத்துக்கு அழைச்சிட்டுப் போ."

சர்ச் வாசலில் வரிசை மக்காச்சோள வயல்வரை நீண்டிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் டூலியின் படம். ரோஸ்கோ பேனாவை எடுத்தார். பழக்கத் தோஷத்தில் முதல் படத்திலேயே 'ரோஸ்' என்று எழுதிவிட்டார்.

"இது என்ன, ரோஸ்?" என்றாள் படத்தை நீட்டியவள்.

"உங்களைப் பார்த்ததும் ரோஜாப்பூ ஞாபகம் வந்துச்சு. அதான்…"

அவள் முகம் சிவந்து, தங்கைகளையும் அத்தையையும் கூட்டிவந்தாள். பிறகு வந்த பெண்கள் எல்லோருமே தங்களுக்கும் ரோஜா வேண்டும் என்று கேட்டார்கள். பத்துத் தலைமுறைக்குப் பகையாளி என்று நினைத்த ஒருவனுக்காக ரோஸ்கோ மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பூ வரைந்தார்.

சாப்பாட்டு மேசையில் அடுத்த இடி. மேயர் எழுந்து நின்று அறிவித்தார். "சாயங்காலம் ஊர்வலத்துக்கு முன்னாடி நம்ம ஷெரீஃப் குதிரையில வருவாரு! குதிரைச் சண்டைக்கு டூப்பே போடாத ஒரே நடிகர்!"

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ரோஸ்கோவின் வாயில் இருந்த வெண்ணெய்ச் சோளம் அப்படியே நின்றது. அவர் வாழ்நாளில் ஏறிய ஒரே குதிரை குடைராட்டினத்தில் இருந்தது.

"எனக்கு முதுகுல ஒரு பிடிப்பு…"

"அப்படின்னா இன்னும் நல்லது," என்றார் பக்கத்தில் இருந்த வெர்ஜில். பரிசு வாங்கும் சோளம் பயிரிடும் விவசாயி; அளந்துதான் பேசுவார். "எங்க பெட்டூனியா மேல ஏறுங்க. கிழக் குதிரை. அது நடக்கறதே உருவி விடற மாதிரி இருக்கும். பிடிப்பு போயிடும்."

"பயப்படற சுபாவமா அது?"

"பெட்டூனியாவா? இடி விழுந்தாக்கூட கண்ணைத் திறக்காது."

வெர்ஜில் சொன்னதில் பொய் இல்லை. இடிக்குப் பெட்டூனியா அசையாது. ஆனால் பள்ளிக்கூட வாத்தியக் குழு இதுவரை அதன் காதுக்குப் பக்கத்தில் வாசித்ததில்லை. முதல் முரசு அதிர்ந்ததும் கிழவி இளமைக்குத் திரும்பினாள். பிரதான வீதியை விட்டு விலகி, தீயணைப்பு நிலையத்தைச் சுற்றி, சோள அழகிகள் ஏறியிருந்த டிராக்டரை முந்தி, பழப் பணியாரப் போட்டி நடந்த கூடாரத்துக்குள் பாய்ந்தாள். ரோஸ்கோ அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மோர்ட்டி! மோர்ட்டி!" என்று அலறினார். நடுவர்கள் மேசைக்கு அடியில் புகுந்தார்கள். பெட்டூனியா முதல் பரிசு பெற்ற செர்ரிப் பணியாரத்தின் வாசனையில் சட்டென்று நின்றாள். ரோஸ்கோ நிற்கவில்லை. அவர் இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, ஆறுதல் பரிசு எல்லாவற்றின் மீதும் வழுக்கிக்கொண்டே போய் எலுமிச்சைக் கிரீமில் முகம் புதைந்து நின்றார்.

எல்லாம் முடிந்தது, இனி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ரோஸ்கோவுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. கிரீமை வழித்துவிட்டு எழுந்தார்.

"கேளுங்க, நான் ஹார்லன் டூலி இல்லை…"

"பார்த்தீங்களா அடக்கத்தை!" என்று கூவினார் மேயர். "இவ்வளவு பெரிய சாகசம் பண்ணிட்டு, தான் யாருமே இல்லைங்கறாரு!"

கூடாரமே எழுந்து கைதட்டியது. இந்த ஆவேசத்தில் நகர சபை அங்கேயே நின்றபடி கூடி, புதிதாகக் கட்டிய பள்ளி அரங்கத்துக்கு 'ஹார்லன் டூலி அரங்கம்' என்று பெயர் வைப்பதாகத் தீர்மானம் போட்டது. பெயர்ப் பலகையை எழுதி முடிக்க ஆள் இல்லை. "கடைசி எழுத்தை நீங்களே வரைஞ்சிடுங்க, மிஸ்டர் டூலி," என்று தூரிகையைக் கையில் கொடுத்தார்கள்.

ரோஸ்கோ ஏணியில் ஏறினார். தலை முழுக்க எலுமிச்சைக் கிரீம், கையில் சிவப்புப் பெயின்ட். எதிரியின் பெயரைத் தன் கையாலேயே பலகையில் எழுதி முடித்தார். எழுத்து அழகாகவே வந்தது. ஒரு படத்தில் பெயின்டராகவும் நடித்திருந்தார்.

விழா அந்த அரங்கத்திலேயே நடந்தது. பித்தளையில் செய்த சோளக்கதிர் விருதை மேவிஸ் அழுதுகொண்டே கொடுத்தார். அடியில் டூலியின் பெயர். ரோஸ்கோ வாங்கிக்கொண்டார். இந்தக் கனம்தானே, இதற்குத்தானே நாற்பது வருடம் என்று நினைத்தபோது அவருக்குத் தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது.

மேயர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "யாராவது கேள்வி கேக்கறதுன்னா கேளுங்க."

கடைசி வரிசையில் சோள நிறத் தலைமுடிக்காரி ஒருத்தி எழுந்தாள். "சார், ரோஸ்கோ டிண்டாலைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"

ரோஸ்கோவின் கையிலிருந்த சோளக்கதிர் நழுவப் பார்த்தது.

"யா… யாரைப் பத்தி?"

"ரோஸ்கோ டிண்டால்! நடிகர்!"

அந்தப் பெயரைக் கேட்டதும் அரங்கம் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. சிலர் விசில் அடித்தார்கள். வெர்ஜில்கூடத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

ரோஸ்கோ மேசையைப் பிடித்துக்கொண்டார். சொந்த மைத்துனனே அவர் பெயரைத் தப்பாகச் சொல்வான். இங்கே, சுற்றிலும் சோளத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத ஓர் ஊரில், ஓர் அரங்கம் நிறைய ஆட்கள் அவர் பெயருக்குக் கைதட்டுகிறார்கள்!

"உங்களுக்கு… அவரைத் தெரியுமா?"

"தெரியாம என்ன! உயிரு!" என்றது கூட்டம்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த யாராலும் முடியவில்லை. ரோஸ்கோ டிண்டாலின் நீதிபதியைப் பற்றிப் பேசினார். செவ்வாய்க் கிரகத்து மந்திரியின் சோகத்தைப் பற்றிப் பேசினார். ஓர் உருளைக்கிழங்குக்கு உயிர் கொடுக்க எப்படிப்பட்ட ஆத்மா வேண்டும் என்று கேட்டார். பிணமாக நடிப்பது எவ்வளவு கடினம், மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தாலும் அசையாமல் கிடந்த அந்த மகா கலைஞனை இந்த நாடு ஒரு நாளாவது கண்டுகொண்டதா என்று கேட்டு, தானே விம்மினார். "என்னோட ஷெரீஃப் வேஷம் அவருக்கு வர வேண்டியது! அவர் பூட்ஸ் கட்டிக்கிட்டிருந்தாரு! நான் எழுந்து போயிட்டேன்!" என்று டூலியின் வாயால் ஒப்புக்கொண்டபோது அரங்கமே எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது.

விடுதிக்கு வந்ததும் ஈலெய்னுக்குப் போன் போட்டார்.

"ஈலெய்ன், ஒஹையோவுல என்னை எல்லாருக்கும் தெரியுது!"

"விருதைக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. அடியில பேரு மட்டும் வேற."

"யாரு பேரு?"

"அதை விடு. சுவத்துப் பக்கமாத் திருப்பி வச்சுக்கலாம். நீ கேக்கணுமே அந்தக் கைதட்டலை! இத்தனை வருஷமா நான்தான் தெரியாம இருந்துட்டேன்."

மறுநாள் காலை விமான நிலையத்துக்கு வெர்ஜில் தன் லாரியில் அழைத்துப் போனார். ரோஸ்கோவுக்கு முதுகு நிமிர்ந்திருந்தது. ஜன்னலைத் திறந்து விட்டுக்கொண்டு, போகிற வழியில் நின்ற பசுமாடுகளுக்கெல்லாம் கையசைத்தார். டூலியின் மேல்கூட அவருக்குக் கோபம் இல்லை. பாவம், அவனுக்குப் படம் இருக்கிறது, பலகை இருக்கிறது; ஆனால் கைதட்டல் யாருக்கு?

வாசலில் லாரி நின்றது. வெர்ஜில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றினார்.

"ஒண்ணு சொல்றேன், மிஸ்டர் டூலி. கோச்சுக்காதீங்க."

"சொல்லுங்க, வெர்ஜில். தயங்காம சொல்லுங்க."

"நீங்களும் நல்ல மனுஷன்தான். ஆனா, போன வருஷம் இந்த விருதை வாங்க வந்தாரே ரோஸ்கோ டிண்டால், அவரு மாதிரி வராது. பெட்டூனியாவை எப்படி ஓட்டினாருங்கறீங்க! மேடையில ஏறி, தன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசல; ஒரு மணி நேரமும் 'ஹார்லன் டூலி மாதிரி ஒரு நடிகன் இந்த நாட்டுலயே கிடையாது'ன்னு உங்களைப் பத்தியே சொல்லித் தேம்பித் தேம்பி அழுதாரு. அதைக் கேட்டுத்தானே இந்த வருஷம் உங்களைக் கூப்பிட்டோம்!"