தூசிக்கும் விலை உண்டாம், மாப்பிள்ளை

ஏலத்தில் எதையும் விட்டுக்கொடுக்காத என் அருமை மாப்பிள்ளைக்கு, மாமனார் ஆசியுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் நலம் எப்படி என்று நான் கேட்க வேண்டியதில்லை. என் மகள் போனில் விலாவாரியாகச் சொல்லிவிடுகிறாள்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனான நீங்கள் இணைய ஏலத்தில் எடுத்தீர்கள். அதில் என்ன தவறு? அடுக்குமாடியில் அதை நிறுத்த இடமில்லை என்று எடுத்த பிறகு கண்டுபிடித்து, "ஒரே வாரம் மாமா, உங்க ஷெட்ல நிக்கட்டும்" என்று லாரியில் ஏற்றி அனுப்பினீர்கள். அதிலும் தவறில்லை. அந்த ஒரு வாரத்துக்கு இது எட்டாவது மாதம். என் ஸ்கூட்டர் வெளியே மழையில் நனைகிறது. விளம்பரத்தில் 'காலத்தின் அழகு படிந்தது, சிறிய கவனிப்பு தேவை' என்று இருந்ததாம். காலத்தின் அழகு என்றால் துரு என்பதை லாரி டிரைவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். சிறிய கவனிப்பு என்னவென்று நானே தெரிந்துகொண்டேன், திறந்த கதவு கையோடு வந்ததும். வண்டி ஓடிய தூரம் மிகக் குறைவு, மீட்டரே சாட்சி என்றீர்கள். வேலை பார்த்த காலம் முழுவதும் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் நான். மீட்டர் பொய் சொல்லாது மாப்பிள்ளை, நின்றுபோகும். அவ்வளவுதான்.

போன மாதம் என் மகள் போனில் வந்தாள். "வண்டியா, நானான்னு முடிவு பண்ணச் சொல்லுங்கப்பா." நீங்களும் வீரமாக, "வித்துடுங்க மாமா, அதை நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்" என்றீர்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, விற்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. மகள் வாழ்க்கையாயிற்றே என்று என் பெயரிலேயே ஏலக் கம்பெனியில் பதிவு செய்தேன்.

கம்பெனியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். கையில் வெள்ளைக் கையுறை, பையில் காந்தம். வருகிறவருக்கு மரியாதையாக இருக்கட்டுமே என்று உங்கள் அத்தை காலையிலேயே சோப்புத் தண்ணீர் விட்டு வண்டியைத் தேய்த்துக் குளிப்பாட்டி வைத்திருந்தாள். மனிதர் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தூசியைத் துடைச்சிட்டீங்களா?"

"பின்னே? எட்டு மாசத் தூசி, பாக்கவே அசிங்கமா இருந்துச்சு."

"ஐயோ, அதுக்கு அடியில பல வருஷத் தூசி இருந்துச்சும்மா! கை படாம கிடந்த வண்டின்னு போட்டா அதுக்குத் தனி விலை."

"அப்போ எங்க வீட்டுப் பரண் எவ்வளவு தேறும்? அதுலயும் கை பட்டதே இல்ல."

அவர் சிரிக்கவில்லை. இழவு வீட்டுக்கு வந்தவர் போல வண்டியைச் சுற்றி வந்தார். கதவில் காந்தத்தை வைத்தார், ஒட்டியது. வலப்பக்க மட்கார்டில் வைத்தார், பொத்தென்று கீழே விழுந்தது. அங்கே தகரமே இல்லையாம். சொத்தைப் பல்லை அடைப்பது போல எவனோ மாவைக் குழைத்து அடைத்து, மேலே சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறான். ஆனால் எஞ்சினில் அடித்திருக்கும் எண்ணும் வண்டிச் சட்டத்தின் எண்ணும் பொருந்தியதைக் கண்டு, பிறந்தபோது வைத்த எஞ்சினேதான் என்று கையுறையைக் கழற்றிக் கும்பிட்டார். ஓடாத வண்டிக்கு எண் பொருந்தி என்ன, பொருந்தாமல் என்ன என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஏலப் பக்கத்தில் போகிறவன் வருகிறவனெல்லாம் கருத்து எழுதலாம் என்பதை நீங்கள் சொல்லவே இல்லையே! 'இந்தத் துருவுக்குள் வண்டி இருக்கிறதா?' என்று ஒருவர். 'மேலே மண் கொட்டிப் பூந்தொட்டியாக வைக்கலாம்' என்று இன்னொருவர். உங்கள் அத்தை படித்துவிட்டு, "இவனுங்க வீட்ல மட்டும் என்ன தேரா நிக்குது?" என்று பொங்கினாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இது என் குஞ்சுகூட இல்லை. இருந்தும் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். 'ஐயா, ஒரு மட்கார்டு நீங்கலாக மற்றதெல்லாம் தகரமே.' இருக்கைத் தோல் எப்படி என்று ஒருவர் கேட்டதால், தினமும் மாலையில் அதில் உட்கார்ந்து சோதிக்க வேண்டியதாயிற்று. பக்கத்து இருக்கையை யார் சோதிப்பது? உங்கள் அத்தை உட்கார்ந்தாள்.

கடைசி நாள் ஏலத்தை எதிர்வீட்டுப் பல் டாக்டர் அறையில் இருந்து பார்த்தேன். அங்கேதான் இணையம் அறுந்துபோகாமல் வரும். முடியும் நேரத்தில் யாராவது விலை ஏற்றினால் கெடுவும் கொஞ்சம் தள்ளிப்போகுமாம். ஒரு பக்கம் 'சிறுத்தை' என்று ஒரு விடாக்கண்டன், மறுபக்கம் 'பொறுமைசாலி' என்று ஒரு கொடாக்கண்டன். அடைத்த மட்கார்டுக்காக இப்படி முட்டிக்கொள்கிறானே, இந்தச் சிறுத்தைக்கு வீட்டில் கேட்பாரில்லையா, பெண்டாட்டி பிள்ளை இல்லையா என்று டாக்டரிடம் வாய்விட்டே கேட்டேன். ஒரு வழியாகச் சிறுத்தை பதுங்கியது. நீங்கள் கொடுத்ததைவிட அதிக விலைக்குப் பொறுமைசாலி தட்டிக்கொண்டு போனார். கம்பெனி தன் கமிஷனை எடுத்துக்கொண்டு வாழ்த்து அனுப்பியது.

ஆகவே மாப்பிள்ளை, சனியன் ஒழிந்தது. இனி ஏலம் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். மகளுக்கு எங்கள் ஆசி, பேரப்பிள்ளைகளுக்கு முத்தம், உங்களுக்கு நல்ல புத்தி.

இப்படிக்கு,
ஷெட்டைத் திரும்பப் பெற்ற மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் கூப்பிட்டாள். "அப்பா, இவர்தான் அந்தச் சிறுத்தையாம். எனக்குத் தெரியாம ஏலம் கேட்டிருக்கார். தோத்துட்டு, சாப்பிடாம சுவரையே பாத்துட்டு உக்காந்திருக்கார். சண்டை போடத்தான் போனேன், அந்த மூஞ்சியப் பாத்தா மனசு வரலப்பா. எந்தக் கிறுக்கன் எடுத்தானோ, அவனைக் கண்டுபிடிச்சு எப்படியாவது திருப்பி வாங்கிக் குடுங்க."

கிறுக்கனைத் தேடி அலைய வேண்டாம். விற்பவனே ஏலம் கேட்கக் கூடாது என்று விதி இருப்பதால், டாக்டர் பெயரில் பொறுமைசாலியாக உட்கார்ந்திருந்தவன் நான்தான். எவனாவது பூந்தொட்டியாக்கிவிடுவானோ என்று பயந்துவிட்டேன் மாப்பிள்ளை, வேறொன்றுமில்லை. வண்டி ஷெட்டிலிருந்து ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நம் வண்டியை நம்மிடமிருந்தே காப்பாற்றியதற்குக் கம்பெனிக்குக் கமிஷன் அழுதிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை என் மகளையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். பகல் முழுவதும் நீங்கள் ஆசை தீர உட்கார்ந்துகொள்ளலாம். ஆனால் மாலையில் மட்டும் எழுந்து இடம் விடவும். அந்த இரண்டு இருக்கையும் எனக்கும் உங்கள் அத்தைக்கும் வேண்டும்.