அரை நாள் சாமியார்

நான் அரை நாள் சாமியாராக இருந்தவன். சரியாகச் சொன்னால் காலை ஏழு மணியிலிருந்து பகல் பன்னிரண்டரை வரை. ஜெர்மனியின் எசன் நகரத்தில் என்னைத் தெரிந்த தமிழர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். மீதிப் பேருக்கு என் மனைவி சுமதி சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்லும் ஒவ்வொரு முறையும் நான் எடுத்த வாந்தியின் எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது. அதனால் உண்மையை நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் என் தகுதிகள். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. வேலை, டிராம் ஓட்டுவது. அதாவது பதினெட்டு வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். வேலை முடிந்து வந்து, களைத்துப்போனேன் என்று வீட்டிலும் உட்காருவேன். பக்தி எப்படி என்று கேட்டால், கோயில் திருவிழாவில் பூசை நடக்கும்போது கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பேன். அன்னதானம் தொடங்கும் நேரம் இடம் கிடைத்துவிடும் (அது எப்படி என்று சுமதி இன்றுவரை கேட்கிறாள்). இப்படிப்பட்டவன் இமயமலையில் ஏறியதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

காரணம், கல்யாண மண்டபங்கள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து, கிடைத்த விடுமுறை எல்லாவற்றையும் உறவினர்கள் எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் கல்யாணம், பாரிசில் சாமத்தியவீடு (பூப்புனித நீராட்டு விழா), டொரண்டோவில் இன்னொரு கல்யாணம். சுவிட்சர்லாந்துக்கு மட்டும் ஆறு தரம் போயிருக்கிறோம். ஒரு மலையைக்கூடக் கிட்டப் பார்த்ததில்லை. ஆறாவது பயணம் முடிந்து வந்த அன்று, பெட்டியிலிருந்து கசங்கிய பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டுச் சுமதி அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒருக்காலெண்டாலும் கல்யாண ஹோல் இல்லாத ஒரு இடத்துக்குப் போகவேணும். ஒருத்தரும் 'என்ன மெலிஞ்சுபோனியள்' எண்டு கேக்காத இடம்."

"எங்கட சனம் இல்லாத இடம் உலகத்தில எங்கையப்பா இருக்கு?"

அவள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். நேபாளத்தில் கோசாயிகுண்டம் என்று ஓர் ஏரி. கடல்மட்டத்திலிருந்து நாலாயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேலே. நஞ்சுண்ட சிவபெருமான் தொண்டை எரிவு தாங்காமல் சூலத்தால் மலையைக் குத்தி வரவழைத்த தண்ணீர் என்று சொல்கிறார்கள். அவள் சேர்ந்திருந்த ஜெர்மன் நடைக்குழு, வழிகாட்டி வைத்துக்கொண்டு அங்கே போகப்போகிறது. அந்த ஏரியின் படத்தை அவள் எனக்குக் காட்டியபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்கு முன்னால் 'மாட்டேன்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எசன் பக்கத்தில் மலை கிடையாது. சுரங்கக்காரர்கள் நிலக்கரியோடு வந்த கல்லையும் மண்ணையும் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய மேடுகள்தான் உண்டு. அப்படி ஒரு மேட்டில் சனிக்கிழமைதோறும் ஏறிப் பயிற்சி எடுத்தோம். உச்சிக்கு இருபது நிமிடம். மூன்றாவது வாரம் மூச்சு வாங்காமல் ஏறிவிட்டேன். "இமயமலையும் இதுதானப்பா, கொஞ்சம் கூட நேரம் எடுக்கும்," என்று சுமதிக்கு விளக்கம் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னை ஒரு அறை அறைய வேண்டும்போல் இருக்கிறது.

குழுவில் நாங்கள் பதினொரு பேர். தலைவி ஹில்டெகார்ட், ஓய்வுபெற்ற ஆசிரியை, மாலை நேரங்களில் யோகா வகுப்பு நடத்துபவர். எங்கள் வழிகாட்டியின் பெயர் தாவா. ஜெர்மன்காரர்களோடு நடந்து நடந்தே ஜெர்மன் கற்றவர் (இலக்கணம் என்னுடையதைவிடச் சுத்தம்). முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். உயரத்தில் காற்று மெலியும். தலைவலி, வாந்தி, தலைசுற்று வந்தால் உடனே சொல்ல வேண்டும். மறைத்தால் உயிருக்கு ஆபத்து. அப்படி வந்தவர் கீழே இறங்க வேண்டும், அதில் வெட்கமே இல்லை.

சுமதி என்னைத் தனியே கூப்பிட்டாள். "தலையிடிச்சா ஓம் எண்டு சொல்லவேணும். வழக்கம் போல 'ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை' எண்டு நிக்கக்கூடாது. விளங்குதோ?"

"ஓம்."

"சத்தியமா?"

"ஓமப்பா, ஓம்."

அந்தச் சத்தியத்தை நான் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினேன். வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும் என்று நடுவில் ஒரு நாள் சும்மா இருக்கச் சொன்னார்கள். சும்மா இருப்பதில் குழுவிலேயே நான்தான் முதலிடம். மறுநாள் கடைசி ஏற்றம். சுமதி வேகமாக நடப்பவள். உதவி வழிகாட்டியோடு முன்னால் போய்விட்டாள். கடைசியில் நான், முழங்கால் வலியோடு ஹில்டெகார்ட், எங்களுக்குப் பின்னால் தாவா. ஒரு மணி நேரம் ஏறியதும் யாரோ என் நெற்றிக்குள்ளிருந்து கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தால் மலை ஆடியது, அதனால் மூடிக்கொண்டேன். கைகள் தாமாகவே முழங்கால்கள் மேல் போய் இருந்துகொண்டன.

"தலைவலி இருக்கிறதா, ரவி?" என்று தாவா ஜெர்மனில் கேட்டார்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். ஜெர்மன் எனக்கு நன்றாக வரும். டிராமில் சண்டை பிடிப்பவர்களை ஜெர்மனில்தான் இறக்கிவிடுவேன். ஆனால் என் ஜெர்மன் மூவாயிரத்து ஐந்நூறு மீட்டரிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேலே என்னோடு ஏறி வந்தது யாழ்ப்பாணத் தமிழ் மட்டும்தான், அதிலும் 'ஆம்' என்பதற்கு நாங்கள் சொல்லும் ஒரே ஒரு சொல்.

"ஓ...ம்," என்றேன்.

மூச்சு வாங்கியதால் அது கொஞ்சம் நீண்டுவிட்டது. தாவா மறுபடியும் கேட்க வாய் திறந்தார். ஹில்டெகார்ட் உதட்டில் விரலை வைத்தார். "தொந்தரவு செய்யாதீர்கள். இது புனிதமான இடம். அவர் உள்ளே போய்விட்டார்."

நான் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை. தலை வெடிக்கிறது என்று சொல்ல முயன்றேன். "ஓமோம்!" என்று வந்தது. ஓம் என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டுமானால் நாங்கள் இரண்டு தரம் சொல்வோம். நான் எவ்வளவுக்கு வற்புறுத்தினேனோ அவ்வளவுக்கு என் பக்தி முற்றியது. மூன்றாவது ஓமோமுக்கு ஹில்டெகார்டும் கண்ணை மூடி, "ஓம்ம்ம்..." என்று சேர்ந்துகொண்டார். நல்ல குரல். அந்த அதிர்வில் என் தலைவலி இரட்டிப்பானது.

பிறகு எல்லாமே அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. அவித்த முட்டையைத் தள்ளிவைத்தேன். விரதம் என்றார் ஹில்டெகார்ட். தள்ளாடி நடந்தேன், பரவசம் என்றார். ஒரு பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். யோகாவில் உடம்பைச் சுத்தப்படுத்த இப்படி ஒரு பயிற்சி உண்டு என்று தாவாவுக்குத் தாழ்ந்த குரலில் பாடம் நடத்தினார். தாவாவுக்குச் சந்தேகம் இருந்தது, அதை அவர் முகத்தில் பார்த்தேன். ஆனால் அவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் நான் ஓங்காரத்தால் பதில் சொன்னால் அவர்தான் என்ன செய்வார், பாவம். ஏரியில் கும்பிட்டுவிட்டு இறங்கிய ஒரு நேபாளித் தம்பதி என்னைக் கண்டு நின்று, கைகூப்பி, என் மடியில் ஒரு தோடம்பழத்தை (ஆரஞ்சுதான்) வைத்துவிட்டுப் போனார்கள். என் டிராமில் ஏறுபவர்கள் எனக்கு வணக்கம்கூடச் சொல்வதில்லை. அந்த வேதனையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கிடையில் எங்களைத் தாண்டிப் போன சுமைதூக்கி ஒருவர் மேலே செய்தி கொண்டுபோயிருக்கிறார். கொடிகள் கட்டிய முகட்டில் முன்னால் போனவர்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஏரி நாற்பது நிமிடம்தான். "உங்கள் குழுவில் ஒரு பெரிய மகான் வருகிறார், அடிக்கு ஒரு ஓம் சொல்கிறார்," என்றாராம்.

"ஆர், என்ர மனுசனோ?" என்று சுமதி எழும்பியிருக்கிறாள். எனக்குப் பக்தி வந்தது என்றால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த நிமிடம் மலையிலிருந்து கீழ்நோக்கி ஓடி வந்தாள்.

ஹில்டெகார்ட் உதட்டில் விரலை வைத்தார். சுமதி அதைக் கவனிக்கவேயில்லை. என் முன்னால் குந்தி, என் முகத்தைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"தலையிடிக்குதோ?"

"ஓம்."

"சத்தி எடுத்தனீங்களோ?"

"ஓம்."

"எத்தினை தரம்?"

மூன்று வாந்திக்கு மூன்று விரல்களைக் காட்டினேன். "திரிசூலம்!" என்று ஹில்டெகார்ட் கிசுகிசுத்தார்.

சுமதி எழுந்து திரும்பி, மலை எதிரொலிக்க ஜெர்மனில் கத்தினாள். "இவர் ஜெபிக்கவில்லை! ஓம் என்றால் எங்கள் தமிழில் 'ஆம்'! காலையிலிருந்து உங்களுக்கு ஆம், ஆம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்!"

தாவாவின் முகத்தில் இரத்தம் வற்றியது. ஹில்டெகார்டின் முகத்தில் வேறு ஏதோ விடிந்தது. "அப்படியானால் சுமதி, நீ தொலைபேசியில் ஒரு மணி நேரம் 'ஓம், ஓம்' என்பாயே... அது குடும்பப் பிரார்த்தனை இல்லையா?"

"அது என் அக்கா!" என்றாள் சுமதி.

தாவா ஒரு கணமும் தாமதிக்கவில்லை. இப்போதே கீழே, அறுநூறு மீட்டராவது இறங்க வேண்டும், நான் கூட்டிப்போகிறேன் என்றார். சுமதி ஏரிக்குப் போகலாம், முகட்டில் உதவியாளர் காத்திருக்கிறார் என்றும் சொன்னார். சுமதி என் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நீங்கள் தனியப் போகேலாது. நானும் வாறன்," என்றாள். சொல்லிவிட்டு ஒரே ஒரு தரம் திரும்பி, மேலே ஆடிக்கொண்டிருந்த கொடிகளைப் பார்த்தாள்.

தலை வெடித்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. இவ்வளவு வருடத்தில் தனக்கென்று அவள் கேட்டது இந்த ஓர் ஏரியைத்தான். எனக்கு அழுகை வந்தது. நான் வராவிட்டால் என்ன, நீர் போய்ப் பாரும், எங்கள் இரண்டு பேருக்குமாகப் பாரும் என்று நீளமாகச் சொல்ல நினைத்தேன். வயிற்றிலிருந்து மூச்சைத் திரட்டி எடுத்தும் ஒரு சொல்தான் வந்தது.

"போம்!"

"போ...ம்ம்ம்," என்றார் ஹில்டெகார்ட், கண்ணை மூடி, பழக்கதோஷத்தில்.

சுமதி வாயைப் பொத்தினாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான். பையை இறக்கிவைத்துவிட்டு என் கண்ணுக்குள் பார்த்தாள்.

"உண்மையாப் போகட்டோ?"

"ஓம்."

அன்று நான் சொன்ன ஓம்களில் அந்த ஒன்றைத்தான் எல்லோரும் சரியாக விளங்கிக்கொண்டார்கள். அவள் ஏறினாள். நாற்பத்து மூன்று வயதுக்காரி, சாமத்தியவீட்டில் தட்டுத் தூக்கும் பெண்களைப்போல் விறுவிறுவென்று போனாள். தாவாவின் தோளில் சாய்ந்து இறங்கிக்கொண்டே, தலை திருப்ப முடிந்த மட்டும் அவளைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு அதுவரை வந்ததில்லை (அதற்குப் பிறகு நாலாவது வாந்தி வந்தது, அதோடு சரி, ஐந்து ஆறு எல்லாம் சுமதியின் கற்பனை).

மாலைக்குள் தலைவலி போய்விட்டது. விட்டுப்போன ஜெர்மன் சொற்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தாவா மன்னிப்புக் கேட்டார். நான்தான் கேட்க வேண்டும் என்றேன். அவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய கொப்பியை எடுத்து, 'தமிழ்: ஓம் என்றால் ஆம்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டார். மறுநாள் சுமதி இறங்கி வந்தாள். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது.

"எப்பிடி இருந்தது?"

"ஒரு மணித்தியாலம் கரையில இருந்தனான். ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பு போதும், எனக்கு ஏரியே வேண்டாம்.

கதை அங்கே முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம். இரண்டு வருடம் கழித்து டொரண்டோவிலிருந்து சுமதியின் தூரத்து உறவு, கமலா அக்கா, எசனுக்கு வந்திருந்தார். மெய்யான பக்தை, காசி, கைலாசம் எல்லாம் போனவர். எங்கள் வீட்டில் ரோல்ஸும் தேநீரும் முன்னால் வைத்துக்கொண்டு, தன் இமயமலைப் பயணத்தை விவரித்தார்.

"அந்தக் கோசாயிகுண்டம் ஏரிக்குப் போற வழியில ஒரு விசர்க் கைட், பிள்ளை. நான் சிவனே எண்டு கண்ணை மூடி ஓம், ஓம் எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறன். வந்தான், கையைப் பிடிச்சான், 'கீழ, கீழ' எண்டு இழுத்துக்கொண்டு போட்டான். எனக்கு ஒரு வருத்தமும் இல்லையடா, நல்ல சுகமா இருக்கிறன் எண்டு கத்துறன், கேட்டாத்தானே! 'தமிழ், தமிழ், எனக்குத் தெரியும்' எண்டு ஒரு கொப்பியைக் காட்டுறான். அடுத்த நாள் முழுக்கத் திரும்பவும் ஏறினனான். ஆரோ ஒரு மடையன் அவனுக்குப் பிழையாச் சொல்லிக் குடுத்திருக்கிறான். அவன் ஆரெண்டு மட்டும் தெரிஞ்சா..."

சுமதிக்கு ரோல்ஸ் புரைக்கேறியது. எங்களோடு உட்கார்ந்திருந்த எங்கள் மகள் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். உள்ளே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கமலா அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்களும் நேபாளம் போனனீங்கள் எண்டு கேள்விப்பட்டன். அந்த ஏரிக்கும் போனனீங்களோ?"

ஓம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சுமதி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

"இல்லை அக்கா," என்றேன்.

அது பொய்யே இல்லை. நான் அந்த ஏரியை இன்றுவரை பார்த்ததில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எங்கள் வீட்டில், குளிர்சாதனப் பெட்டியில் இருந்த கேக்கை யார் முடித்தது, காரில் கீறல் எப்படி வந்தது என்று யார் யாரைக் கேட்டாலும், கேட்கப்பட்டவர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொல்லும் பதில் ஒன்றுதான்: "இல்லை அக்கா."