ஊதிப் பார்த்த படகு

"படகு இல்லாம வந்தீங்கன்னா, ஞாயித்துக்கிழமை நானும் பொண்ணும் எங்க அண்ணன் படகுல ஏறிடுவோம். நீங்க கரையில செருப்புக்குக் காவல் இருங்க" என்று சொல்லிவிட்டு மனைவி போனை வைத்துவிட்டாள்.

மருந்துக்கடைக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போன வருஷமும் செருப்புக்குக் காவல் அவர்தான். நடு ஏரியிலிருந்து மகள் மாமாவோடு கையசைத்தது இன்னும் கண்ணுக்குள் நின்றது.

விளையாட்டுச் சாமான் கடையின் மூலையில், காற்றடித்து ஓட்டும் கயாக் படகு ஒன்று சுருட்டிய மெத்தை மாதிரி கிடந்தது. பக்கத்தில் நீலச்சட்டைக்காரர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது எப்படிங்க?" என்று இவர் கேட்டார்.

"வசதிதான். மடிச்சா பைக்குள்ள அடங்கிடும். கார் மேல கட்ட வேண்டாம்."

மனசு குளிர்ந்தது. நாலாவது மாடி வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"அப்போ இதையே எடுத்துடலாம்ல?"

"எடுக்கலாம். ஆனா காத்து வீசினா நேரா போகாதாமே."

விற்கிறவரே இப்படிப் பேசினால் எப்படி?

"அப்போ கெட்டிப் படகு?"

"அது நேரா போகும். வீட்டுக்குள்ளதான் போகாது."

"அப்படின்னா இதுதானே சரி?"

"முள்ளு குத்தினா?"

"குத்துமா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

இவர் யோசித்தார். "எங்க ஏரியில முள்ளு கிடையாது."

"உங்களுக்கு ஏரியெல்லாம் இருக்கா?" என்று நீலச்சட்டைக்காரர் கொஞ்சம் விலகி மரியாதையாக நின்றார். "சரி, ஊதிப் பார்த்துட்டா தெளிவாயிடும்."

வாங்க வந்தவனையே ஊதச் சொல்கிற கடையை இவர் கண்டதில்லை. ஒருவேளை இதுதான் புது வியாபார முறையோ என்னவோ. பம்பை எடுத்து மிதித்தார். படகு விறைத்து, நீண்டு, நடைபாதை முழுவதையும் அடைத்துக்கொண்டது. பந்துகள் இருந்த கூடை சாய்ந்தது. பந்துகள் கடை முழுக்க உருண்டன.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க" என்றார் நீலச்சட்டைக்காரர், கட்டிய கையை அவிழ்க்காமலே.

திருப்பினார். சுவரில் சாத்தியிருந்த துடுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. பதறிப்போய் மூடியைத் திறந்தார். சீறி வந்த காற்றில் விலைச்சீட்டுகள் பறந்தன. சுருங்கியதை மடித்துப் பைக்குள் திணித்தால், தலை உள்ளே போகும்போது வால் வெளியே வந்தது. மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். பைதான் கிழிந்தது.

"பைக்குள்ள அடங்கும்னீங்களே?"

"அப்படித்தான் கேள்விப்பட்டேன்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

மருந்துக்கடைக்காரர் வேர்த்துக் கொட்டியபடி பில் போடும் பெண்ணிடம் போனார்.

"உங்க சேல்ஸ்மேனுக்குப் படகைப் பத்தி ஒண்ணுமே தெரியலைம்மா. எதைக் கேட்டாலும் முதல்ல ஆமாங்கறார், அப்புறம் ஆனாங்கறார். ஒரு கை பிடிக்கக்கூட வரலை."

"எந்த சேல்ஸ்மேன் சார்?"

"அதான், நீலச்சட்டை போட்டவர்."

அந்தப் பெண் நிமிர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவர் உங்களை மாதிரி படகு வாங்க வந்தவர் சார். எங்க சேல்ஸ்மேனுக்கு ஒண்ணுமே தெரியலைன்னு இப்பதான் உங்களைக் காட்டிப் புகார் சொல்லிட்டுப் போறார்."