ரோமுக்குப் போகாத ஒரு வாரம்

"கடல் தெரியுதா?" என்று கேட்டான் வெள்ளியங்கிரி.

"தெரியுதுங்க."

"ரோம்ல ஏது கடல்? கொஞ்சம் சாய்ச்சுப் பிடி புள்ள."

அவன் மனைவி ஷ்யாமளா கேமராவைச் சாய்த்தாள். "இப்பக் கடல் இல்லீங்க. உங்க தலையும் இல்ல."

சான் பிரான்சிஸ்கோவின் மேற்கு ஓரத்தில், பாறைக்கும் பசிபிக்குக்கும் நடுவே சூட்ரோ பாத்ஸ் கிடக்கிறது. நூறு வருடத்துக்கு முன் ஒரு பணக்காரர் கட்டிய பொதுக் குளியல் மாளிகை. பின்னாளில் தீப்பிடித்து எரிந்துபோனது. மிச்சம் உடைந்த சுவர்களும் பாசி பிடித்த தொட்டிகளும்தான். கடலை மறைத்துவிட்டு, கண்ணை இடுக்கிப் பார்த்தால், பழைய ரோமானியர்கள் குளித்த இடம் என்று சொல்லிவிடலாம்.

வெள்ளியங்கிரி அப்படிச் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன், 1999 மார்ச்சில், சான் ரமோன் ஆபீஸில் மேனேஜர் டேவ் எல்லோர் முன்னிலும் அவனிடம் ஒரு கொழுத்த கவரைக் கொடுத்தான். 2000 பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதியைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கச் செய்யும் ஒய்டூகே வேலையை நேரத்துக்கு முடித்ததற்குப் பரிசு. "உள்ள ரெண்டு நல்ல சேதி இருக்கு" என்று முதுகில் தட்டினான்.

கவரைத் திறந்தான். மேலாக இரண்டு விமான டிக்கெட்டுகள். ரோம். கிரீன் கார்டுக்காகக் காத்திருக்க ஆரம்பித்து ஆறு வருடம். பதில் வருவதற்குள் நாட்டுக்கு வெளியே கால் வைத்தால் அப்ளிகேஷன் அத்தோடு செத்தது. முன்கூட்டி அனுமதி வாங்கலாம். அதற்கு மூன்று மாதம் ஆகும்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை முடிந்துவிட்டது என்றால் அடுத்து ஆள் குறைப்புதான். பரிசைத் திருப்பிக் கொடுத்தவன் பெயர்தான் லிஸ்டில் முதலில் இருக்கும். வேலை போனால் கிரீன் கார்டும் போச்சு.

"தேங்க் யூ, தேங்க் யூ" என்று பல்லைக் காட்டிவிட்டு வந்து, கவரை அப்படியே முருகன் படத்துக்குப் பின்னால் சொருகினான். தினமும் காலையில் அதன் முன்னால் நின்று, "முருகா, கிரீன் கார்டு" என்று கும்பிட்டான்.

ரோமில் இருக்க வேண்டிய வாரம் முழுக்க ஜன்னலை மூடிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தார்கள். ஐந்தாம் நாள் ஆன்சரிங் மெஷினில் டேவின் குரல் கேட்டது. "ஊர்லேர்ந்து வந்ததும் கேளு. திங்கக்கிழமை லஞ்சுக்கு எல்லாரும் கூடுறோம். போட்டோ எடுத்துட்டு வா!"

அதனால்தான் இந்த இடிபாடு.

"உங்க ஆபீஸ்ல யாருக்காச்சும் இந்த இடம் தெரிஞ்சிருந்தா?" என்றாள் ஷ்யாமளா.

"டேவ் டெக்சாஸ்காரன், வந்து மூணு மாசம். மத்தவனெல்லாம் ஹைதராபாத்."

"சரி, பின்னால போங்க. இன்னும் கொஞ்சம். தலை வருது, கடல் போகுது. இன்னும் ஒரே அடி..."

வெள்ளியங்கிரி பின்னால் போனான். தொட்டிக்குள் போனான்.

இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து அவன் எழுந்தபோது கரையில் பூங்காக் காவலர் நின்றிருந்தார்.

"இங்க குளிக்கக் கூடாது."

"நான் குளிக்கல. விழுந்தேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

மஞ்சள் காகிதத்தில் ஒரு எச்சரிக்கையை எழுதி அவன் கையில் திணித்தார். காகிதம் என்றாலே வெள்ளியங்கிரிக்குப் பயம். படிக்காமல் கேமரா பையில் போட்டான்.

திங்கட்கிழமை தும்மிக்கொண்டே ஆபீஸ் போனான்.

"ரோம்ல அவ்வளவு குளிரா?" என்றான் டேவ்.

"பயங்கரக் குளிர்."

போட்டோக்கள் கைமாறின. டேவ் ஒன்றைக் கண்ணருகே கொண்டுபோனான். "ஓரத்துல என்ன, கடலா?"

"வெள்ளம்."

"டிவில காட்டவே இல்லையே?"

"அந்த ஊர்ல இதெல்லாம் வெளிய சொல்ல மாட்டாங்க."

அடுத்த போட்டோவை எடுக்கப் பைக்குள் கையை விட்டான். மஞ்சள் காகிதம் தரையில் விழுந்தது. எச்.ஆர். லிண்டா தன் செருப்பை அதன் மேல் வைத்தாள். அவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். யாரும் பார்க்காதபோது குனிந்து எடுத்து, படித்து, மடித்துக்கொண்டாள்.

"வெள்ளி, ஒரு நிமிஷம் வெளிய வா."

வராந்தாவில் லிண்டா சொன்னாள்: "நான் பொறந்து வளர்ந்ததே சான் பிரான்சிஸ்கோ. இந்தக் காகிதத்துல போட்டிருக்கற சூட்ரோ பாத்ஸ், எரியறதுக்கு முன்னால ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கமா இருந்துச்சு. சின்ன வயசுல அங்கதான் ஸ்கேட்டிங் கத்துக்கிட்டேன்."

வெள்ளியங்கிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஆறு வருடம், லிஸ்ட், முருகன் வரைக்கும். "டேவ்கிட்ட சொல்லிடாதீங்க லிண்டா. வேலை போனா எல்லாமே போச்சு."

"டிக்கெட்டை என்ன பண்ணின?"

"தொடவே இல்ல. கவரோட அப்படியே சாமி படத்துக்குப் பின்னால இருக்கு."

"கவருக்குள்ள வேற எதையும் பார்க்கல?"

"டிக்கெட்டைப் பார்த்ததே போதும்னு ஆயிடுச்சு."

லிண்டா மஞ்சள் காகிதத்தை அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

"டிக்கெட்டுக்குக் கீழ வக்கீல் லெட்டர் ஒண்ணு இருக்கும், வெள்ளி. உன் கிரீன் கார்டு அப்ரூவ் ஆயிடுச்சு. அதனாலதான் டேவ் ரோமுக்கு டிக்கெட்டே எடுத்தான்."